கருவறையின் ஞானமும் ஸ்கேன் கருவியும்: ஒரு தவறான தீர்ப்புக்கு மறுப்பு



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



கடந்த சில வாரங்களாக ஒரு குரல் பதிவு நம் மஹல்லாக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வந்துகொண்டிருக்கிறது. பேசுபவர் தம் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் ஓதியவர் என்பது அவருடைய உச்சரிப்பிலேயே தெரிகிறது. கர்ப்பிணிப் பெண்கள் ஸ்கேன் எடுப்பது குறித்து அவர் மூன்று கருத்துகளை முன்வைக்கிறார். கருவறையில் உள்ளதை அறிபவன் அல்லாஹ் என்று குர்ஆன் கூறியிருக்க, அதை ஒரு கருவி கொண்டு அறிய முற்படுவது மறைவான ஞானத்தில் கைவைப்பதாகும் என்பது முதலாவது. அவ்வாறு முற்படுவது தவக்குலுக்கு முரண் என்பது இரண்டாவது. ஸ்கேனிலிருந்து வெளிப்படும் கதிர் குழந்தையைப் பாதிக்கும் என்பது மூன்றாவது. "நம் பாட்டிமார் ஸ்கேன் எடுத்துத்தான் பத்துப் பிள்ளை பெற்றார்களா?" என்ற கேள்வியோடு பதிவு முடிகிறது.

பத்துப் பெற்ற பாட்டிமார் அவற்றுள் எத்தனையைக் கபரில் வைத்தார்கள் என்பதையும், பத்தாவதைப் பெறும்போது தாமே கபருக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் அச்சகோதரர் தம் ஊர் மையவாடியில் சற்று நின்று விசாரித்திருக்கலாம். அவருடைய மூன்று கருத்துகளும் தவறானவை. அவற்றை மறுக்கும் கடமை பிறரைவிட எமக்கு அதிகம் உண்டு. ஏனெனில் அவர் இன்று பேசுவதை, ஒரு காலத்தில் நாமே பேசியிருக்கிறோம்.

நாமே பேசிய சொல்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பெண்கள் மதரஸாவில் வாராந்திர பயான் ஒன்றில், லுக்மான் அத்தியாயத்தின் கடைசி வசனத்தை விளக்கும்போது, "மாதாமாதம் ஸ்கேன் எடுக்க ஓடுகிறார்களே, இவர்களுக்கு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டோம். சபை தலையசைத்தது. எமக்கும் அது நல்ல பேச்சாகவே தோன்றியது. மருத்துவம் தெரிந்த ஒருவரிடமும் நாம் அதற்குமுன் கேட்கவில்லை. தஃப்ஸீர் நூல்களையும் முழுமையாகப் புரட்டவில்லை.

அச்சபையில் எமது மாணவி ஒருவர் இருந்தார். முதல் குழந்தையை அறுவைச் சிகிச்சையில் பெற்றவர். இரண்டாவது கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒருமுறை ஸ்கேன் எடுத்திருந்தார். கணவர் வளைகுடாவில். ஐந்தாம் மாதத்தில் மீண்டும் எடுக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது, வீட்டில் எமது பயானை நினைவூட்டினார்கள், அவரும் போகவில்லை. எட்டாம் மாதத்தில், ஸஹர் நேரத்தில், எவ்வித வலியுமின்றி இரத்தம் கொட்டத் தொடங்கியது. வலி இல்லாததால் விடியட்டும் என்று காத்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் நஞ்சு கருப்பையின் வாயை முழுவதுமாக மூடிக்கொண்டிருப்பது தெரியவந்தது. தாயைக் காப்பாற்றினார்கள்; கருப்பையைக் காப்பாற்ற இயலவில்லை. குழந்தை சில மணி நேரம் மூச்சு விட்டது. அதற்குப் பெயர் சூட்டி, ஜனாஸா தொழுகையை நாமே முன்னின்று நடத்தினோம்.

நாற்பது நாள் கழித்து அப்பெண் எம் மனைவியைப் பார்க்க வந்திருந்தார். திரைக்கு அப்பாலிருந்து எம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஹஜ்ரத், அது ஈமானுக்கு மாத்தம்னு நீங்கதானே சொன்னீங்க?" அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் பதில் இல்லை. குழந்தையின் அஜல் அல்லாஹ்விடம் எழுதப்பட்டது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அறியாமல் பேசிய எம் நாவின் கணக்கும் அவனிடமே எழுதப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குக் காலம் தாழ்த்திச் சொல்லும் பதில்.

வசனம் எதைச் சொல்கிறது?

லுக்மான் அத்தியாயத்தின் 34ஆம் வசனம் ஐந்து விஷயங்களைக் கூறுகிறது: மறுமை நாளின் நேரம், மழை, கருவறைகளில் உள்ளவை, நாளை ஒருவர் சம்பாதிக்கப்போவது, ஒருவர் மரணிக்கும் இடம். மறைவானவற்றின் திறவுகோல்கள் இவ்வைந்தும் என்றும், இவற்றை அல்லாஹ்வையன்றி எவரும் அறியார் என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இதை ஏற்காதவர் எவரும் நம்மில் இல்லை. கேள்வி, அந்த அறிவு எத்தகையது என்பதுதான்.

அதே வசனத்தில் மழை இருப்பதைக் கவனியுங்கள். நம் கடற்கரை ஊர்களில் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், படகுகளைக் கரையேற்றாத முஸ்லிம் ஒருவர் உண்டா? வானிலை அறிக்கையைக் கேட்பது மறைவான ஞானத்தில் கைவைப்பது என்று எந்த ஆலிமும் மிம்பரில் சொன்னதில்லை. மேகம் திரண்ட பின், காற்றின் போக்கை அளந்து கூறப்படும் கணிப்பு அது; எப்போது, எங்கே, எத்தனை துளி, யாருக்கு அருளாக, யாருக்குச் சோதனையாக என்ற முழு அறிவு அல்லாஹ்விடமே இருக்கிறது என்று நாம் சரியாகவே விளங்கி வைத்திருக்கிறோம். மழைக்கு ஒரு விளக்கம், கருவறைக்கு வேறு விளக்கம் என்று வைத்துக்கொள்ள யார் அனுமதித்தது? படகு ஆணுடையது, கருவறை பெண்ணுடையது என்பதாலா?

இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் இவ்வசனத்தின் விரிவுரையில், கருவறையில் எதைப் படைக்க அல்லாஹ் நாடுகிறான் என்பதை அவனன்றி எவரும் அறியார் என்றும், ஆணா பெண்ணா என்று அவன் கட்டளையிட்டுவிட்ட பின் அதற்கென நியமிக்கப்பட்ட மலக்குகளும், தன் படைப்புகளில் அவன் நாடியோரும் அறிவார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன், கருவியின் நிழல்கூட இல்லாத காலத்தில் எழுதப்பட்ட விளக்கம் இது.

அதற்கும் முந்தைய சான்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் மரணத் தறுவாயில், தம் சொத்துக்கு வாரிசுகளாக ஆயிஷா (ரலி) அவர்களின் இரு சகோதரர்களையும் இரு சகோதரிகளையும் குறிப்பிட்டார்கள். எனக்கு அஸ்மா ஒருவர்தானே சகோதரி, மற்றொருவர் யார் என்று மகளார் வினவியபோது, தம் மனைவி பின்த் காரிஜாவின் வயிற்றிலிருப்பது பெண் என்றே தாம் எண்ணுவதாகக் கூறினார்கள். பிறந்ததும் பெண்ணே, உம்மு குல்ஸூம் என்று பெயர் பெற்றார். நபிமார்களுக்குப் பின் இந்த உம்மத்தின் முதல் மனிதர், வாரிசுரிமையைக் காக்கும் பொருட்டுத் தம் கணிப்பைச் சொன்னார். மறைவான ஞானத்தில் அவர் கைவைத்துவிட்டார் என்று சொல்லத் துணிபவர் உண்டா?

கருவாக உருவாகுமுன் எது உருவாகும் என்பது, அதன் ஆயுள், அதன் ரிஸ்க், அது நற்பேறு பெற்றதா துர்ப்பேறு பெற்றதா என்பது, எந்தக் கருவியின் துணையுமின்றி எல்லாக் கருவறைகளையும் ஒரே நேரத்தில் அறிவது ஆகியவையே அல்லாஹ்வின் ஞானம். ஏற்கெனவே உருவாகிவிட்ட ஓர் உடலின் மீது ஒலியைப் பாய்ச்சி, எதிரொலியைக் கேட்டு, சில நேரம் சரியாகவும் சில நேரம் பிழையாகவும் சொல்வது மனிதனின் வேலை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர், அறியாமலேயே அல்லாஹ்வின் ஞானத்தை ஒரு கருவியின் அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்.

கதிர் என்று ஒன்று இல்லை

மூன்றாவது கருத்துக்கு வருவோம். ஸ்கேன் என்று நாம் சொல்லும் அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, அது ஒலி. மனிதக் காது வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும். கர்ப்பிணியின் வயிற்றில் வைக்கப்படும் கருவி, பெரும்பாலும் வினாடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் அதிர்வுகள் வரையுள்ள ஒலியை அனுப்புகிறது. அதனால்தான் அது நமக்குக் கேட்பதில்லை. மென்மையான தசைகளினூடே வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும் அவ்வொலி, எலும்பு, தசை, நீர் என ஒவ்வொன்றின் எல்லையிலும் சிறிதளவு திரும்பி வருகிறது. எந்த எதிரொலி எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வலுவுடன் திரும்பியது என்பதைக் கணக்கிட்டுக் கணினி படமாக வரைகிறது. இருளில் வௌவால் வழி காண்பதும் இதே முறையில்தான். அந்த ஆற்றலை வௌவாலுக்குக் கொடுத்தவன் அல்லாஹ். அதைக் கண்டு சிந்திக்கும் அறிவை மனிதனுக்குக் கொடுத்தவனும் அவனே.

வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவுவது ஏன் என்று பெண்கள் கேட்பதுண்டு. கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உள்ளே செல்லாமல் அங்கேயே திரும்பிவிடும். அந்த இடைவெளியை நிரப்பவே பசை. தொடக்க மாதங்களில் தண்ணீர் குடித்து வரச் சொல்வதும் இதனால்தான்: நிறைந்த சிறுநீர்ப்பை குடலை விலக்கி, கருப்பையைக் காண ஒரு சன்னல்போல் உதவுகிறது.

இக்கருவியை மகப்பேற்று மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய மருத்துவர் இயன் டொனால்டு. அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1958ஆம் ஆண்டு தம் ஆய்வை வெளியிட்டனர். அதற்கு முன் வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பார்க்க எக்ஸ்ரேதான் வழி. எக்ஸ்ரே கதிர்வீச்சு; அது கருவிலுள்ள குழந்தைக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 1950களில் ஆங்கிலேய மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் எடுத்துக்காட்டினார். எக்ஸ்ரே பற்றிய அந்த அச்சத்தை ஒலிக்கருவியின் மீது ஏற்றுவது, தேளின் கொடுக்கைத் தேரையிடம் தேடுவதாகும்.

அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும் நாம் சொல்லவில்லை. ஒலி தசையில் சிறிதளவு வெப்பத்தை உண்டாக்கும். ஆகவே தேவையான அளவுக்கு, இயன்றவரை குறைந்த நேரம் என்பதே மருத்துவர்கள் வகுத்துக்கொண்ட நெறி. குழந்தையின் முகத்தை நினைவுப் படமாக எடுத்துத் தருகிறோம் என்று கூவும் கடைகளை நாடுவது வீண்விரயம். அது மருத்துவமும் ஆகாது.

எப்போது, எதற்காக?

"ஒருமுறை எடுத்தால் போதாதா? எல்லாம் பணம் பறிக்கும் வழி" என்பார் உண்டு. பணம் பறிப்போர் இல்லாத துறை இல்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்கேனும் வேறு வேறு கேள்விக்கு விடை தேடுகிறது.

ஆறு முதல் ஒன்பது வாரங்களுக்குள் எடுப்பது, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, ஒன்றா இரண்டா என்பதைப் பார்க்க. கரு சில நேரம் கருக்குழாயிலேயே தங்கிவிடும். அது வளர்ந்து குழாய் வெடித்தால், வயிற்றுக்குள்ளேயே இரத்தம் பெருகித் தாய் சில மணி நேரத்தில் இறக்கக்கூடும்.

பதினொன்று முதல் பதினான்கு வாரம் நிறைவடைவதற்குள் எடுப்பது, குழந்தையின் நீளத்தை அளந்து பிரசவத் தேதியைக் கணிக்கவும், பிடரியில் உள்ள நீரின் அளவைக் காணவும். மாதவிடாய்த் தேதியை மறந்துவிட்ட பெண்களுக்கு இந்த அளவு பெரும் உதவி. முதல் மூன்று மாதங்களில் கணிக்கும் தேதி ஒரு வாரத்துக்குள் சரியாக இருக்கும். கடைசி மாதங்களில் முதன்முறையாக எடுத்தால் மூன்று வாரம் வரை பிழைபடலாம். மண்டையோடு உருவாகாமை போன்ற கடுமையான குறைகளும் இந்தக் கட்டத்திலேயே தெரியக்கூடும்.

பதினெட்டு முதல் இருபது வாரங்களை ஒட்டி எடுப்பது உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். மூளை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகங்கள், கைகால்கள், நஞ்சு இருக்கும் இடம் எல்லாம் அப்போது காணப்படும். எமது மாணவி தவறவிட்டது இதைத்தான். நஞ்சு கீழே இருப்பதாக இதில் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கருப்பை வளர வளரப் பெரும்பாலும் அது மேலேறிவிடும். ஏறிவிட்டதா என்று ஏறத்தாழ முப்பத்திரண்டு வாரத்தில் மீண்டும் பார்ப்பார்கள். ஏறவில்லையெனில், வலியில்லாத இரத்தப்போக்கு வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது என்று முன்னரே எச்சரித்து, இரத்தம் ஏற்பாடு செய்து, உரிய நாளில் அறுவைச் சிகிச்சை செய்வார்கள். இதற்குப் பின் ஏழாம் மாதத்திலிருந்து எடுப்பது குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீர், தலை இருக்கும் திசை ஆகியவற்றுக்காக.

ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 24 வாரத்துக்கு முன் ஒருமுறையேனும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது.

மருத்துவரின் 20 வாரமும் மார்க்கத்தின் 120 நாளும்

இங்கே ஆலிம்களும் மருத்துவர்களும் ஒருவரையொருவர் அறியாமல் பேசும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை ஒவ்வொரு குடும்பமும் விளங்கிக்கொள்வது அவசியம்.

தாயின் வயிற்றில் மூன்று நாற்பது நாட்கள் கடந்த பின் மலக்கு அனுப்பப்பட்டு ரூஹ் ஊதப்படுவதை, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் கூறுகிறது. அது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. 120 நாட்கள் என்னும் இக்கணக்கு கரு உருவான நாளிலிருந்து தொடங்குகிறது. மருத்துவர் சொல்லும் வாரக் கணக்கோ கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அதாவது ஏறத்தாழ 14 நாட்கள் முன்னதாக. எனவே மார்க்கத்தின் 120ஆம் நாள், மருத்துவர் கணக்கில் 134ஆம் நாள்: பத்தொன்பது வாரமும் ஒரு நாளும்.

இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். மருத்துவரின் பதின்மூன்றாவது வாரம் நிறைவடையும்போது, கருவுக்கு ஏறத்தாழ 77 நாட்கள்தாம் ஆகியிருக்கும். பதினெட்டு வாரம் நிறைவடையும்போது 112 நாட்கள். எட்டு நாட்களே மீதம். இருபது வாரம் நிறைவடையும்போது 126 நாட்கள், எல்லை கடந்துவிட்டது.

மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில் 1990ஆம் ஆண்டு கூடி இவ்விஷயத்தை ஆராய்ந்தது. 120 நாட்கள் நிறைவடைந்த பின், குழந்தைக்குக் குறை இருக்கிறது என்பதற்காக மட்டும் கருவைக் கலைக்கக்கூடாது. தாயின் உயிருக்கு ஆபத்து உறுதியானால் மட்டுமே அனுமதி என்று முடிவு செய்தது. அதற்கு முன்பாயின், சிகிச்சையளிக்க இயலாத கடுமையான குறை என்று நம்பகமான நிபுணர் குழு உறுதிப்படுத்தினால், பெற்றோரின் வேண்டுகோளின் பேரில் அனுமதி உண்டு என்றது. இதைவிடக் கடுமையான நிலைப்பாடு கொண்ட அறிஞர்களும் உள்ளனர். ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்த நிலையைத் தகுதியான ஆலிமிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். நாட்டின் சட்டம் சில பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதிக்கிறது என்பதால், அதுவே மார்க்கத்தின் அனுமதி ஆகிவிடாது.

சொல்ல வருவது இதுதான். "ஐந்தாம் மாதம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஸ்கேனைத் தள்ளிப்போடும் குடும்பம், தன் மார்க்கம் தனக்கு வழங்கியிருக்கும் அவகாசத்தைத் தானே இழக்கிறது. ஆறாம் மாதத்தில் ஒரு பெற்றோர் கையில் ரிப்போர்ட்டுடன் வந்து நின்று, "ஹஜ்ரத், என்ன செய்வது?" என்று அழும்போது, ஸப்ரு செய்யுங்கள் என்பதைத் தவிர எம்மிடம் சொல்ல எதுவும் இருப்பதில்லை. ஷரீஅத்தைப் பேணுகிறோம் என்று சொல்வோர்தாம் இவ்விஷயத்தில் முதலில் விரைந்து செல்ல வேண்டியவர்கள்.

குறை தெரிந்தால் கலைப்பது ஒன்றே வழி என்றும் எவரும் எண்ணிவிட வேண்டாம். இதயத்தில் குறையுள்ள குழந்தை, பிறந்தவுடன் அறுவைச் சிகிச்சை செய்யும் வசதியுள்ள மருத்துவமனையில் பிறந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். சிறுநீரகத்தில் அடைப்புள்ள குழந்தையைப் பிறந்த நாள் முதல் கவனித்துக் காக்க முடியும். ஒன்றும் செய்ய இயலாத குறையாயினும், பெற்றோர் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளவும் துஆச் செய்யவும் அவகாசம் கிடைக்கிறது. மறுபுறம், எல்லாம் நலம் என்று ஸ்கேன் சொன்னாலும் அது உத்தரவாதம் அன்று. இரத்தம் தொடர்பான பரம்பரை நோய்கள் பல அதில் தெரியாது. உறவுக்குள் மணம் முடித்தோர் அதற்கான பரிசோதனைகளைத் தனியே கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

தவக்குலும் மறைப்பும்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி ஒரு தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது திர்மிதியில் உள்ளது. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படியே கூறினார்கள். ஆகவே கட்டாமல் விட்ட ஒட்டகத்துக்குத் தவக்குல் என்று பெயர் சூட்ட நமக்கு உரிமையில்லை. வசனம் பேசும் அச்சகோதரர் தமக்கு நெஞ்சுவலி வந்தால் இ.சி.ஜி. எடுக்காமல் இருப்பாரா? தம் நெஞ்சுக்கு ஒரு தவக்குல், தம் மருமகளின் வயிற்றுக்கு வேறொரு தவக்குல் என்பது எந்த மத்ஹபில் உள்ளது?

ஆண் மருத்துவர் முன் வயிற்றைத் திறப்பதா என்ற கவலை இவற்றினும் நியாயமானது. இதற்கும் அறிஞர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள்: முதலில் பெண் மருத்துவரைத் தேட வேண்டும், கிடைக்காதபோது, தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்கலாம், கணவரோ, மஹ்ரமோ, நம்பகமான பெண்ணோ உடனிருக்க வேண்டும், தேவையான இடத்துக்கு மேல் திறக்கக்கூடாது. இன்று சிற்றூர்களிலும் பெண் மருத்துவர்கள் ஸ்கேன் எடுக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டு நாள் வாங்கினால் போதும். கவலைக்குத் தீர்வு இருக்கும்போது, கவலையையே காரணமாக்கி உயிரைப் பணயம் வைப்பது பேணுதல் ஆகாது. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்னும் இறைக்கட்டளை (2:195) இதற்கும் பொருந்தும்.

ஹராமான கேள்வி

இதுவரை ஸ்கேனை மறுப்போருக்குச் சொன்னோம். இனி, அதை ஓடோடிச் சென்று எடுப்போரில் சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்கேன் அறையில் உண்மையிலேயே ஹராமின் வாசலைத் திறக்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஆணா, பெண்ணா?"

அறிய முயல்வதே ஷிர்க் என்று நாம் சொல்லவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களின் செய்தியை மேலே கண்டோம். ஆனால் நம் நாட்டில் இக்கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை எல்லோரும் அறிவோம். ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991 கணக்கெடுப்பில் இந்தியாவில் 945 பெண் குழந்தைகள் இருந்தனர், 2001இல் 927, 2011இல் அதனினும் குறைவு. தமிழகத்தில் சேலம், தருமபுரி, உசிலம்பட்டிப் பகுதிகளில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட செய்தியும், 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததும் நாம் அறிந்தவையே. அவை வேறு சமூகத்தாரின் பாவம், நம்மைச் சாராது என்று ஆறுதல் கொள்வோர், மூன்றாவதும் பெண்ணா என்று மருமகளின் முகத்துக்கு நேரே பெருமூச்சு விடும் மாமியார்களை நம் வீடுகளில் கண்டதில்லையா?

1994ஆம் ஆண்டின் சட்டம், கருவிலுள்ள குழந்தையின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்விதத்திலோ தெரிவிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதற்காக நாடிச் செல்வோருக்கு முதல் குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கர்ப்பிணிப் பெண் இதில் கணவர், உறவினரின் வற்புறுத்தலுக்கு ஆளானவர் என்றே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, சட்டம் கருதுகிறது. சட்டம் இயற்றியோருக்குத் தெரிந்த உண்மை நமக்கும் தெரிய வேண்டும்.

வளைகுடாவில் வாழும் சகோதரர்கள், அங்கே மருத்துவர் தாமாகவே சொல்கிறார், தடையில்லை என்பர். தடையில்லைதான். ஆனால் அச்செய்தி ஊருக்கு வந்து சேரும்போது, பெண் என்றதும் தொலைபேசியின் மறுமுனையில் விழும் மௌனத்தை நாம் கேட்டிருக்கிறோம். பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போகும் தகப்பனை அந்நஹ்ல் அத்தியாயம் (16:58, 59) கண்டிக்கிறது. உயிருடன் புதைக்கப்பட்ட பெண் குழந்தை விசாரிக்கப்படும் நாளை அத்தக்வீர் அத்தியாயம் (81:8, 9) நினைவூட்டுகிறது. அன்று மண்ணைத் தோண்டினார்கள்; இன்று ரிப்போர்ட்டைப் பார்க்கிறார்கள்.

இம்ரானின் மனைவி தம் வயிற்றிலிருப்பதை அல்லாஹ்வுக்கென நேர்ச்சை செய்துவிட்டுப் பெண்ணைப் பெற்றார். அந்தப் பெண்தான் மர்யம் (அலை). நபி (ஸல்) அவர்களின் ஆண் மக்கள் சிறு வயதிலேயே மறைந்தனர். வளர்ந்து வாழ்ந்தவர்கள் பெண் மக்களே. இரு பெண் மக்களைப் பருவமெய்தும் வரை வளர்ப்பவர் மறுமையில் தம்முடன் நெருங்கியிருப்பதை, இரு விரல்களைச் சேர்த்துக் காட்டி அவர்கள் சொன்னது முஸ்லிமில் உள்ளது. இவ்வளவுக்குப் பிறகும் அக்கேள்வியைக் கேட்க நா எழுமா?

செய்ய வேண்டியவை

ஜமாஅத் நிர்வாகிகளே! நிக்காஹ் பதிவேட்டில் கையொப்பம் வாங்கும் நாளில், மணமக்களுக்குக் கர்ப்ப காலப் பரிசோதனைகள் பற்றி ஒரு பெண் மருத்துவரைக் கொண்டு அரை மணி நேரம் பேச வையுங்கள். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனைகள் இலவசம்; ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அதற்கெனச் சிறப்பு முகாமும் உண்டு. ஏழைக் குடும்பங்களை அங்கே அழைத்துச் செல்ல ஒரு வாகனம் ஏற்பாடு செய்வதும் ஸதகாதான்.

கணவர்களே! உடன் செல்லுங்கள், வெளிநாட்டில் இருந்தால் தேதியை நினைவூட்டுங்கள். பிரசவத் தேதி என்ன, நஞ்சு எங்கே இருக்கிறது, வளர்ச்சியும் நீரும் போதுமா, அடுத்து எப்போது வர வேண்டும் ஆகிய நான்கையும் கேளுங்கள். ஐந்தாவதாக அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

மாமியார்களே, தாய்மார்களே! நீங்கள் பட்ட துன்பத்தை உங்கள் பிள்ளைகளும் பட வேண்டும் என்று எந்த மார்க்கமும் சொல்லவில்லை. தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமப்பதை எடுத்துச் சொல்வதும் அதே லுக்மான் அத்தியாயம்தான் (31:14).

ஆலிம் பெருமக்களே! நமக்குத் தெரியாததைத் தெரிந்தோரிடம் கேட்கும்படி குர்ஆன் (16:43) சொல்வதை மக்களுக்கு ஓதிக் காட்டுகிறோம். மருத்துவத்தில் நாமும் கேட்க வேண்டியவர்களே. மிம்பரிலிருந்து விழும் ஒரு சொல் எந்த வீட்டின் கருவறை வரை செல்லும் என்பதை நாம் அனுபவித்து அறிந்தோம். நீங்கள் அப்படி அறிய நேர வேண்டாம். அந்தக் குரல் பதிவு உங்களுக்கு வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இம்மறுப்பை அனுப்புங்கள்.

அந்த மாணவி இன்று எமது மதரஸாவிலேயே சிறுமியருக்கு ஓதிக் கொடுக்கிறார். கர்ப்பிணியாகும் இளம் பெண்களிடம், எட்டு வாரம் ஆனதா, ஸ்கேன் எடுத்தாயா என்று அவரே கேட்கிறார். அவருடைய அந்தக் குழந்தையை மறுமையில் தாய்க்குப் பரிந்துரைப்பதாக அல்லாஹ் ஆக்குவானாக! அறியாமல் நாம் பேசியதை மன்னிப்பானாக! நம் பெண்களின் கருவறைகளையும் அவற்றில் உள்ளோரையும் தன் காவலில் வைத்து, ஆணாயினும் பெண்ணாயினும் அவன் அளித்ததைப் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன். வஸ்ஸலாம்.